டிராக்டர் சக்கரத்துக்குத் தண்ணீர்: ஏற்றுவதும் இறக்குவதும்

எங்கள் பக்கத்தில் புதிய டிராக்டர் ஒன்று வீடு வந்து சேர்ந்தால், மாலை போட்டுச் சூடம் காட்டி, நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிய சூட்டோடு நடைபெறும் அடுத்த காரியம், பின்சக்கரங்கள் இரண்டுக்கும் தண்ணீர் ஏற்றிவிடுவதுதான். இது ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே நிலைத்துவிட்டது. அப்படி ஏற்றிய தண்ணீர், புழுதி உழவானாலும் சேற்று உழவானாலும், கரும்பு ஏற்றினாலும் வெறும் வண்டியாகச் சந்தைக்குப் போனாலும், டயர் தேய்ந்து மாற்றும் காலம் வரையில் உள்ளேயே கிடக்கிறது. எதற்காக ஏற்றினோம், எவ்வளவு ஏற்றினோம், எப்போது இறக்க வேண்டும் என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்ப்பவர்கள் மிக அபூர்வம். சக்கரத்தின் பாரம் என்பது வேலைக்குத் தக்கபடி கூட்டவும் குறைக்கவும் வேண்டிய ஒன்று என்பதும், ஏற்றத் தெரிந்தவர் இறக்கவும் தெரிந்திருந்தால்தான் அந்த வித்தை பூரணமாகும் என்பதும், பல பருவங்கள் இதைச் செய்து பார்த்த பிறகு எனக்கு ஏற்பட்டிருக்கும் உறுதியான அபிப்பிராயம். இந்தப் பதிவில் அதை விரிவாகவே எழுத உத்தேசம்.

எங்கள் நிலம் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணையோடு சேர்ந்து பயனுக்கு வந்த அந்தக் கால்வாயை இன்றும் எங்கள் பெரியவர்கள் புது ஆறு என்றுதான் அழைப்பார்கள். பழைய டெல்டாவைப் போல இங்கே எங்கு பார்த்தாலும் களிமண் வண்டல் அல்ல. தாழ்ந்த பக்கத்தில் நெல் விளையும் நன்செய் இருந்தால், வரப்பு தாண்டி மேட்டில் கடலையும் எள்ளும் தென்னையும் விளையும் செம்மண் இருக்கும். ஒரே டிராக்டர் சித்திரையில் இறுகிக் கிடக்கும் செம்மண்ணில் சட்டிக் கலப்பையை இழுக்க வேண்டும். அதே டிராக்டர் ஆடி ஆவணியில் முழங்கால் சேற்றில் இறங்கித் தொளியடிக்க வேண்டும். முன்னதற்குப் பாரம் அத்தியாவசியம். பின்னதற்குப் பாரமே பகை. ஆகவே வீட்டு வாசலிலேயே தண்ணீரை ஏற்றவும் இறக்கவும் பழகிக்கொள்வது எங்களைப் போன்றவர்களுக்கு அவசியமாகிவிட்டது.

பாரம் ஏன் வேண்டும் என்பதை முதலில் நிதானமாகப் பார்த்துவிடலாம். இன்ஜினில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும், அது மண்ணைச் சந்திக்கும் இடம் பின்சக்கரம் இரண்டும் தரையைத் தொடுகிற சிறிய பரப்பு மட்டுமே. அந்த இடத்தில் சக்கரம் மண்ணைப் பற்றிக்கொண்டால் கலப்பை நகரும். பற்றாவிட்டால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழன்று மண்ணைப் பறிக்கும், டீசல் புகையாகும், டயரின் கட்டைகள் தேயும். உறுதியான நிலத்தில் பின்சக்கரத்தின் மீது கூடுதலாக ஏறும் ஒவ்வொரு 100 கிலோவும், உத்தேசமாக 40 முதல் 50 கிலோ வரை இழுவிசையைக் கூட்டித் தரும். நெகிழ்ந்த சேற்றில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஏறும் எடை பிடிப்பாக மாறாமல் சக்கரத்தை இன்னும் ஆழமாகப் புதைப்பதற்கே பிரயோஜனப்படும்.

இரும்புச் சக்கரம் பூட்டிய பழைய டிராக்டர்களுக்கு இந்தக் கவலை இவ்வளவு இருந்ததில்லை. சக்கரமே கனமானது, அதில் பதித்திருந்த பற்கள் மண்ணைக் குத்திப் பிடித்துக்கொள்ளும். 1932ஆம் ஆண்டு அமெரிக்காவில் அல்லிஸ் சால்மர்ஸ் கம்பெனி தன் யூ மாடல் டிராக்டருக்கு ஃபயர்ஸ்டோன் ரப்பர் டயரைப் பூட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, காற்றடைத்த டயரால் உழவு நடக்குமா என்ற சந்தேகம் விவசாயிகளுக்கு இயல்பாகவே எழுந்தது. அந்தச் சந்தேகத்தைப் போக்குவதற்காகவே 1933இல் பார்னி ஓல்ட்ஃபீல்ட் என்ற புகழ்பெற்ற பந்தய ஓட்டுநரைக் கொண்டு, அந்த டிராக்டரை மணிக்கு 60 மைலுக்கு மேலான வேகத்தில் ஓட்டிக் காட்டினார்கள். ரப்பர் சக்கரம் ரஸ்தாவில் ஓடியது, அதிர்ச்சி குறைந்தது, எரிபொருள் மிச்சமாயிற்று. ஆனால் இரும்பின் கனமும் பற்களும் போய்விட்டபடியால், போன பிடிப்பை வேறு வழியில் மீட்க வேண்டியிருந்தது. சக்கரத்தில் வார்ப்பிரும்பு எடைகளை மாட்டுவது ஒரு வழி. எப்படியும் காலியாகக் கிடக்கிற ட்யூபின் உள்ளிடத்தில் தண்ணீரை நிரப்புவது மற்றொரு வழி. இரும்புக்குக் காசு வேண்டும். தண்ணீர் கிணற்றில் இருக்கிறது. இரண்டாவது வழி இவ்வளவு பரவியதற்கு அதுவே போதுமான காரணம்.

உங்கள் டிராக்டருக்குப் பாரம் வேண்டுமா, வேண்டாமா என்பதை ஊரார் சொல்லைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டாம். நிலத்தில் இறங்கிச் சுலபமாகப் பரீட்சை செய்து பார்க்கலாம். பின்டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, உழ வேண்டிய அந்த நிலத்திலேயே, கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பையை வழக்கமான ஆழத்துக்கு இறக்கி, அதே கியரில் அதே பத்துச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று அளவெடுங்கள். முதலில் 40 மீட்டரும் பிறகு 34 மீட்டரும் வந்தால், 6 மீட்டர் வழுக்கலில் போயிற்று. அதாவது நூற்றுக்குப் பதினைந்து. உழவு வேலைக்கு இந்த வழுக்கல் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருப்பது உத்தமம். 20ஐத் தாண்டினால் பாரம் போதவில்லை. 7, 8க்குக் கீழே போனால் பாரம் அதிகம், இன்ஜின் தன் சக்தியில் ஒரு பகுதியைத் தன் உடம்பைச் சுமப்பதற்கே செலவழிக்கிறது என்று பொருள். வழுக்கலே இருக்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல, சிறிது வழுக்கினால்தான் திடீரென்று கல்லோ வேரோ கலப்பையில் மாட்டும்போது அந்த அதிர்ச்சி கியர்ப் பெட்டிக்கும் ஆக்ஸிலுக்கும் முழுவதுமாகப் போய்ச் சேராமல் இருக்கும்.

அளவு நாடா கையில் இல்லாதவர்கள் டயரின் தடத்தைப் படித்தே இதைத் தெரிந்துகொள்ளலாம். உழுதுகொண்டு போன சக்கரத்தின் பின்னே குனிந்து பாருங்கள். கட்டைகளின் அச்சு, முத்திரை குத்தியதுபோல ஓரம் சிதையாமல் தெளிவாக விழுந்திருந்தால் பாரம் அதிகம். அச்சே தெரியாமல் மண் இழுபட்டு, தேய்த்துவிட்ட பட்டைபோலக் கிடந்தால் பாரம் குறைவு. இரண்டு ஓரங்களிலும் மண் சற்றே நகர்ந்து, நடுவில் மட்டும் கட்டையின் வடிவம் அடையாளம் தெரிந்தால் அதுவே சரியான லட்சணம். இந்த ஒரு பார்வை பழகிவிட்டால், வேறு எந்த உபகரணமும் இல்லாமலேயே வரப்பில் நின்றபடி முடிவு செய்துவிடலாம்.

பாரம் வேண்டும் என்று தீர்மானமான பிறகு, எவ்வளவு என்ற விஷயத்துக்கு வருவோம். வால்வு மட்டம் வரையில், அதாவது உள்ளிடத்தில் முக்கால் பங்கு நிரப்புவதே வழக்கமான கணக்கு. 12.4-28 அளவுள்ள டயர் இம்முறையில் ஏறத்தாழ 150 லிட்டர் கொள்ளும். நம் ஊரில் பெரும்பாலான டிராக்டர்களில் இருக்கும் 13.6-28 சுமார் 185 லிட்டர், 14.9-28 சுமார் 230 லிட்டர், 16.9-28 சுமார் 290 லிட்டர். கம்பெனிக்குக் கம்பெனி சிறிது ஏறியிறங்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் எடைக் கணக்குக்கு வேறு சூத்திரம் தேவையில்லை. 13.6-28 டயர் இரண்டிலும் சேர்ந்து 370 கிலோ. ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள நாற்பது ஐம்பது குதிரைத்திறன் டிராக்டருக்கு இது ஆறில் ஒரு பங்குக்கும் அதிகம். அந்தப் பாரம் முழுவதும் ஆக்ஸிலின் மீது ஏறாமல் சக்கரத்துக்குள்ளேயே நின்று நேரே தரையை அழுத்துகிறது என்பது இதன் விசேஷம். பாரம் தாழ்வாக இருப்பதால் வண்டிக்கும் ஒரு ஸ்திரத்தன்மை வருகிறது.

முக்கால் பங்கோடு ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. காற்றை அழுத்தினால் சுருங்கும்; தண்ணீர் சுருங்காது. டயர் கல்லில் ஏறும்போது உட்புறத்தில் விட்டுக்கொடுப்பதற்கு அந்தக் கால் பங்குக் காற்றுதான் இருக்கிறது. அதையும் நிரப்பிவிட்டால், டயர் மரக்கட்டைபோல விறைத்து, அடி முழுவதையும் நூலிழைப் பகுதியே வாங்கிக்கொள்ள நேரிடும். அரைகுறையாக நிரப்புவதும் நல்லதல்ல. ரஸ்தாவில் வேகமாகப் போகும்போது உள்ளே தண்ணீர் அலைமோதி வண்டியைக் குலுக்கும். ரேடியல் டயர் போட்டிருப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அதன் பக்கச் சுவர் நன்றாக வளைந்துகொடுக்க வேண்டியதாகையால், அந்த வகை டயருக்குத் தண்ணீர் நிரப்புவதாயின் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பல டயர் கம்பெனிகள் எச்சரிக்கின்றன. ஆகவே கம்பெனிப் புத்தகத்தைப் பார்க்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

இனிச் செய்முறை. மேடு பள்ளமில்லாத கெட்டியான தரையில், ஏற்ற வேண்டிய சக்கரத்தின் வால்வு உச்சியில் வந்து நிற்கும்படி டிராக்டரை முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்துங்கள். ஜாக்கி போட்ட பிறகு சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் காரியம் கெடும். கியரிலும் பிரேக்கிலும் பூட்டிய சக்கரம் சுற்றாது, சுற்றுவதற்காக அவற்றை விடுவித்தால் வண்டியே ஜாக்கியிலிருந்து நழுவும். வால்வு உச்சிக்கு வந்ததும் பிரேக்கைப் பூட்டி, முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, ஆக்ஸில் கூட்டின் அடியில் பலகை வைத்து ஜாக்கியை ஏற்றுங்கள். டயர் தரையை விட்டு விரற்கடை எழும்பினால் போதும்; அதற்கு மேல் தூக்குவதால் பயனில்லை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான மரக்கட்டையை முட்டுக் கொடுப்பதில் ஒருபோதும் சோம்பல் கூடாது.

அடுத்து வால்வு மூடியைக் கழற்றி, ஊசியைத் திருகிக் காற்றை வெளியே விடுங்கள். காற்று முழு வேகத்தில் இருக்கும்போது ஊசி துப்பாக்கிக் குண்டுபோலத் தெறிக்கக்கூடும். முகத்தை விலக்கிக்கொண்டு, ஊசியைச் சிறிது தளர்த்தி, சீறல் அடங்கிய பிறகே முழுவதும் கழற்ற வேண்டும். டிராக்டர் ட்யூபின் வால்வுக்கு ஒரு விசேஷம் உண்டு: ஊசியைத் தாங்கி நிற்கும் உட்பகுதியும் தனியாகத் திருகிக் கழலும். அதைக் கழற்றினால் தண்ணீர் போகப் பெரிய துவாரம் கிடைக்கிறது. காற்றுக்கும் தண்ணீருக்கும் பொதுவாக இப்படி அமைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஏற்றுவதற்கென்றே, காற்று வெளியேறத் தனித் துளையுள்ள பித்தளை இணைப்பு ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாதவர்கள் வால்வுத் துவாரத்தைவிட மெல்லிய குழாயை உள்ளே செருகினால், பக்கத்து இடைவெளி வழியாகக் காற்று வெளியே வந்துவிடும். இரண்டும் இல்லாமல் குழாயை இறுகப் பொருத்தினால், அவ்வப்போது எடுத்து உள்ளே சிக்கிய காற்றை விட்டுவிட்டு மறுபடி பொருத்த வேண்டியிருக்கும். நேரந்தான் கூடும், வேறு தோஷமில்லை.

தண்ணீருக்கு மாடித் தொட்டியோ, டிரெய்லரின் மேல் வைத்த டிரம்மோ போதும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தரும். 3 மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து வருவது சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு சொச்சம். அந்த மிதமான வேகந்தான் ட்யூபுக்குப் பத்திரம். போர் மோட்டாரின் குழாயை நேரே வால்வில் பொருத்திவிட்டு வேறு வேலைக்குப் போவது பெரிய அபாயம். நிதானமாக ஏறும் தண்ணீரைக் கவனிப்பதிலே ஒரு திருப்தி இருக்கிறது. வெயிலில் நின்ற டயரின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக் கீழிருந்து மேலாகத் தடவிக்கொண்டே வந்தால், குளிர்ச்சி முடிந்து சூடு தொடங்கும் ஒரு கோடு விரலுக்குத் தெரியும். தண்ணீர் நிற்கும் மட்டம் அதுதான். சிறு கட்டையால் தட்டினாலும், நீருள்ள இடம் மொத்தென்றும் காற்றுள்ள இடம் கணீரென்றும் பேசும். கடைசியில் வால்வு வாயிலிருந்து காற்றும் நீரும் மாறி மாறிக் கொப்பளித்து, பிறகு நீர் மட்டும் வழியத் தொடங்கும்போது குழாயை எடுத்துவிடலாம்.

வால்வின் உட்பகுதியையும் ஊசியையும் திருப்பிப் பொருத்திக் காற்றடிக்கும்போது ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். காற்றுக்கு உள்ளே கால் பங்கு இடமே இருப்பதால், அழுத்தம் வழக்கத்தைவிட நான்கு மடங்கு விரைவாக ஏறும். பம்பின் சிறு அசைவுக்கே முள் துள்ளுமாகையால், அடிக்கடி நிறுத்தி நிறுத்தி அளந்துகொள்வது நல்லது. உழவுக்கு 12 முதல் 14 பவுண்டு, டிரெய்லர் வேலைக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல் என்பது பொதுவான வழக்கம். சரியான அளவு உங்கள் டிராக்டரின் புத்தகத்தில் இருக்கும். அழுத்தம் பார்க்கும்போதெல்லாம் வால்வு உச்சியிலேயே இருக்கட்டும். கீழே இருந்தால் மேலே நிற்கும் தண்ணீரின் கனமும் சேர்ந்து, 28 அங்குல ரிம்முக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு கூடுதலாகக் காட்டும். தண்ணீர் புகுந்து அளவுமானியும் கெடும். ஒரு சக்கரத்தில் எவ்வளவோ அவ்வளவே மற்றதிலும் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்தத் தண்ணீரையும் ஏற்றிவிடலாம் என்பதும் சரியல்ல. ட்யூப் நன்றாக இருக்கும் வரையில் தண்ணீர் ரிம்மைத் தொடாது. ஆனால் எங்கள் பக்கத்தில் சீமைக்கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லை. ஒரு முள் ஏறிவிட்டால், கசியும் தண்ணீர் ட்யூபுக்கும் ரிம்முக்கும் நடுவே வெளியே தெரியாமல் தேங்கி நிற்கும். அது உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீராக இருந்துவிட்டால், துரு உள்ளேயிருந்து இரும்பைத் தின்றுவிடும். ஆற்று நீராயின் துணியில் வடிகட்டினாலும் நுண்ணிய வண்டல் ட்யூபின் அடியில் படியும். நல்ல கிணற்று நீரோ மழை நீரோ சிலாக்கியம். வால்வு ஓரத்திலோ ரிம்மின் விளிம்பிலோ பழுப்பு நிறக் கசிவு கண்டால், டயரைக் கழற்றி, துருவைச் சுரண்டி வர்ணம் பூசி விடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ரிம்மில் பற்றவைப்பு வேலை ஏதும் இருந்தால் டயரை அடியோடு கழற்றிய பிறகே நெருப்பைக் கிட்டே கொண்டுவர வேண்டும். டயர் பூட்டியிருக்க ரிம்மைச் சூடுபடுத்தினால் அது வெடித்து உயிரையே வாங்கிவிடும்.

இப்போது இறக்கும் வித்தை. ஏற்றுவதற்கு வால்வு உச்சியில் இருந்ததுபோல, இறக்குவதற்கு வால்வு அடியில் இருக்க வேண்டும். முன் சொன்ன முறையிலேயே ஜாக்கியும் முட்டும் கொடுத்து ஊசியைத் தளர்த்தினால், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமே தண்ணீரைப் பீய்ச்சி வெளியே தள்ளும். அழுத்தம் அடங்கியதும் உட்பகுதியையும் கழற்றிவிட்டால், ஓரளவு தண்ணீர் தானாக வடியும். அதோடு ஓட்டம் நின்றுவிடும்; காலியாகிவிட்டது என்று எண்ணிப் பலர் மூடிவிடுகிறார்கள். உண்மையில் வால்வு இருப்பது ரிம்மில். ரிம்முக்குக் கீழே டயரின் ஆழம் முழுவதும் இன்னும் தண்ணீர் தேங்கி நிற்கிறது, அது எப்படித் தானாக மேலேறி வரும்? இதற்காகவே, வால்வு வழியாக மெல்லிய குழாயொன்றை டயரின் அடித்தளம் தொடும்வரை செலுத்தி, அதைச் சுற்றிக் காற்றடிக்கும் வசதியுள்ள இணைப்பு ஒன்று இருக்கிறது. காற்று உள்ளே நுழைந்து மேலிருந்து அழுத்த, தண்ணீர் குழாய் வழியே ஏறி வெளியே கொட்டும். கொட்டுவது நின்று குழாய் வெறும் காற்றைத் துப்பத் தொடங்கினால் வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீரைத் தென்னை மரத்துப் பாத்திக்குத் திருப்பிவிடுகிறோம்.

எங்கள் ஊர்ப் பஞ்சர் கடைப் பெரியவர் ஒருவர், இந்த இணைப்பை எனக்குக் காட்டிப் பழக்கியபோது, "ஏத்துறதுக்கு எல்லாரும் வர்றாங்க தம்பி, இறக்குறதுக்குத்தான் ஒருத்தரும் வர்றதில்லே" என்றார். எத்தனை உண்மையான வார்த்தை! ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் நாட்களில், கேஜ் வீல் மாட்டிக்கொண்டு தொளியடிக்க இறங்கும் டிராக்டர்களில் அநேகம், 370 கிலோ தண்ணீரையும் சுமந்துகொண்டேதான் இறங்குகின்றன. சேற்றில் சக்கரம் புதைவதைத் தடுப்பதற்கென்றே அகலமான கேஜ் வீலை மாட்டுகிறோம். புதைப்பதற்குரிய பாரத்தையும் கூடவே வைத்துக்கொள்கிறோம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் காரியம் இது. பக்கத்து வயலில் ஆக்ஸில் வரையில் அமிழ்ந்துபோன டிராக்டரை, வேறொரு டிராக்டரும் சங்கிலியும் கொண்டு அரைநாள் போராடி மீட்டதை நான் அருகிருந்து பார்த்திருக்கிறேன். டிரைவர் எவ்வளவோ தேர்ந்தவர், டயரில் இருந்த தண்ணீர்தான் காரியத்தைக் கெடுத்தது.

டிராக்டர் புதைவது கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். தெரியாத நஷ்டம் மண்ணுக்கு. நெல் வயலில் சேற்றுக்கு அடியே இறுகிய ஒரு படுகை இருப்பது அவசியந்தான்; அதுதான் தண்ணீரை நிறுத்தி வைக்கிறது. ஆனால் கனத்த சக்கரம் அந்தப் படுகையை ஓரிடத்தில் உடைத்து ஓரிடத்தில் மேலும் அமுக்கிவிட்டால், வயலின் மட்டம் கெடுகிறது. பள்ளத்தில் நாற்று முழுகுகிறது, மேட்டில் களை முளைக்கிறது. அறுவடைக்கு முன் ஈரத்தில் விதைக்கும் உளுந்தும் பயறும் அந்த இறுக்கத்தைத் துளைத்து வேர்விட முடியாமல் வாடுகின்றன. பிறகு அந்த இறுக்கத்தை உடைப்பதற்கென்று உளிக்கலப்பையைத் தேடிப் போகிறோம்.

வேறொன்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இக்காலத்தில் எங்கள் பக்கத்து உழவில் பெரும்பகுதியை ரோட்டவேட்டர் செய்கிறது. கலப்பை டிராக்டரைப் பின்னால் இழுக்கும். ரோட்டவேட்டரின் கத்திகளோ சுழலும் வேகத்தில் மண்ணை உதைத்து டிராக்டரை முன்னே தள்ளும். அந்த வேலைக்குப் பின்சக்கரத்தில் பெரிய பிடிப்பே தேவையில்லை. ஆண்டு முழுவதும் ரோட்டவேட்டர் மட்டுமே ஓட்டுகிறவர் சக்கரத்தில் தண்ணீரைச் சுமந்து திரிவதில் யாதொரு நியாயமும் இல்லை. சட்டிக் கலப்பை, இறக்கைக் கலப்பை, உளிக்கலப்பை, ஒன்பது கொத்துக் கலப்பை, பாரம் ஏற்றிய டிரெய்லர் ஆகியவற்றுக்கே அது வேண்டும். டிரெய்லருக்கும் ஒரு எச்சரிக்கை: கரும்பு ஏற்றி மேடேறும்போது முன்சக்கரம் தூக்குகிறதென்று பின்டயருக்குத் தண்ணீர் ஏற்றிப் பயனில்லை. தூக்குவது முன்பக்கம், எடை சேர்க்க வேண்டியதும் முன் பம்பரில்தான்.

குளிர் தேசங்களின் முறையைப் படித்துவிட்டு, நம் ஊரில் அதைப் பின்பற்ற நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் வெறும் தண்ணீர் டயருக்குள் உறைந்து பாறையாகிவிடுமாகையால், கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்து ஏற்றினார்கள். அது உறையாது, எடையும் தண்ணீரைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். ஆனால் சிறு கசிவு ஏற்பட்டாலும் ரிம்மை அரித்துத் தள்ளிவிடும், சிந்திய இடத்தில் பயிரையும் கருக்கும். அதனால் இப்போது அங்கேயே பலர், சர்க்கரைக் கிழங்கு ஆலையின் கழிவுப் பாகிலிருந்து செய்த, தண்ணீரைவிடச் சுமார் 30 சதவீதம் கனமான, இரும்பை அரிக்காத திரவத்துக்கு மாறியிருக்கிறார்கள். உறைபனியே காணாத நம் சமவெளியில் இவற்றில் எதுவும் வேண்டியதில்லை. இறக்கும்போது மரத்துக்கு ஊற்றக்கூடிய சுத்தமான தண்ணீரே நமக்கு வாய்த்த பாக்கியம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. தண்ணீர் உள்ளிருக்கும் சக்கரத்தை, பஞ்சருக்காகவோ முழுக் கேஜ் வீல் மாட்டுவதற்காகவோ, அப்படியே கழற்ற முற்படாதீர்கள். இரும்பும் ரப்பரும் தண்ணீருமாகச் சேர்ந்த அந்தக் கனம் சாய்ந்தால், இரண்டு ஆள் சேர்ந்தாலும் தாங்க முடியாது. முதலில் தண்ணீரை இறக்கி, பிறகே போல்ட்டில் கை வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது.

இரண்டு இணைப்புகள், ஒரு நல்ல ஜாக்கி, உறுதியான முட்டுக்கட்டைகள், ஓர் அரைநாள் அவகாசம்: இந்தக் காரியத்துக்கு வேண்டிய சாமக்கிரியை இவ்வளவே. புழுதி உழவு தொடங்குமுன் ஏற்றுங்கள்; சேற்றில் இறங்குமுன் இறக்குங்கள். இந்தப் பருவத்தில் வயலுக்குத் தண்ணீர் வருவதற்கு முன்னால் உங்கள் டிராக்டரின் டயரை ஒருமுறை கட்டையால் தட்டிப் பாருங்கள். மொத்தென்று சத்தம் கேட்டால், அந்தத் தண்ணீரை வெளியே விட்ட பிறகே வண்டியை வயலில் இறக்குங்கள் என்று உங்கள் எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்.